குறைத்துக் கேட்டவர்

வேன் மாமா ஹாரன் அடிக்க மாட்டார். ஓட்டுநர்களில் இப்படியும் ஒரு பிறவியா என்று அவர் மனைவியே கேட்டதுண்டு. காரணமில்லாமல் இல்லை. அவர் வேனில் ஏறும் பதினொரு பிள்ளைகளுக்கும் பிறந்தது முதல் கைகால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவர்களில் நான்கு பேருக்குத் திடீரென்று சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போட்டு விறைத்துக்கொள்ளும். விறைத்த பிள்ளையைத் தடவிக்கொடுத்து மறுபடி உட்கார வைப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேனை நிறுத்தி, அந்த வீட்டு அம்மாவின் போனுக்கு இரண்டு ரிங் விட்டுக் கட் செய்வார். வந்துவிட்டேன் என்று அர்த்தம். யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள். மாலையில் வீடு திரும்பியதும் மனைவிக்கும் கீழே நின்றபடி இரண்டு ரிங் விடுவார். அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, ஏன், படியேறி வந்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்பார்.

அதற்கு முன்னால் மாமா லாரி ஓட்டியவர். சிமெண்ட் மூட்டை, டைல்ஸ், இரும்புக் கம்பி என்று ஏற்றிக்கொண்டு வாரத்தில் நாலு நாள் ஊர் ஊராகச் சுற்றியவர். ஒருமுறை வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கப் போனபோது, அந்தக் கைக்குழந்தை யாரோ அந்நியன் தூக்குகிறான் என்று வீறிட்டு அழுதது. மறுநாளே உள்ளூரில் வேலை தேடினார். கைகால் வழங்காத பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் வேன் ஓட்ட ஆள் கேட்டார்கள். நாலு மாதம் ஓட்டுவோம், நல்ல வேலை கிடைத்ததும் கிளம்பிவிடலாம் என்று சேர்ந்தார். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. நல்ல வேலை இன்னும் கிடைத்தபாடில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பிள்ளைகளில் மேனேஜர் என்று ஒருத்தி. வயது பதினான்கு. பட்டம் கொடுத்தது மாமாதான். நாலு வயதில் வேனில் ஏறிய முதல் நாளே, பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு பெல்ட் சரியாக மாட்டவில்லை என்று கண்ணால் காட்டிக் கூப்பாடு போட்டவள். பேச்சு வரும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் ஆழத்திலிருந்து இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். பழகியவர்களுக்குப் புரியும். பொறுமையில்லாதவர்கள், பாவம் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அவர்களைப் பற்றி அவள் ஒரே ஒரு சொல் சொல்வாள், மாமாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்காது. வலது கை மட்டும் ஓரளவுக்குச் சொன்ன பேச்சைக் கேட்கும். அந்தக் கையால் அம்மாவின் போனைத் தள்ளித் தள்ளி, கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாள். அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. அம்மா ஒரு சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துகிறார்.

பத்து வருஷம் காலையிலும் மாலையிலும் மாமாதான் மேனேஜரைத் தூக்கினார். வீட்டு வாசலில் மூன்று படி, அப்புறம் வேனின் உயரமான படி. வலது கை முழங்காலுக்குக் கீழே, இடது கை தோளுக்குப் பின்னால், அவள் தலை அவர் கழுத்தோரம் சாய வேண்டும். அப்போதுதான் அவளுக்குப் பின்கழுத்து வலிக்காது. நாலு வயதில் பன்னிரண்டு கிலோ இருந்தாள். பதினாலு வயதில் நாற்பத்தைந்து. ஒரேயடியாக ஏறியிருந்தால் தெரிந்திருக்கும், நாளுக்கு நாள் துளித்துளியாக ஏறியதால் மாமாவுக்கு உறைக்கவில்லை. முதுகுக்கு உறைத்திருக்கிறது. அது சொல்லிப் பார்த்தது, இவர் தைலம் தடவி அதன் வாயை அடைத்துவிட்டார்.

ஒரு மழைக்காலக் காலையில் இரண்டாவது படியில் இடுப்பில் எதுவோ வெட்டியது. கீழே விழப்போவது நிச்சயம் என்று தெரிந்த அந்த ஒரு நொடியில் உடம்பைத் திருப்பி, தான் அடியிலும் அவள் மேலுமாக விழுந்தார். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு மூன்று வாரம் படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கியதும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கினால் அப்புறம் உங்களைத்தான் நாலு பேர் தூக்க வேண்டியிருக்கும் என்று.

சின்னப் பிள்ளைகளை வேனோடு வரும் ஆயா தூக்கிக்கொண்டார். மேனேஜரைத் தூக்க ஆயாவால் ஆகாது. பக்கத்து வீட்டு வாலிபர்கள் இரண்டு பேர் ஒரு வாரம் தூக்கி ஏற்றினார்கள். தங்கமான பிள்ளைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வளர்ந்த பெண்ணுக்கு மாமாவின் கை வேறு, ஊரார் கை வேறு. கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தாள். எட்டாம் நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பலகையைச் சாய்த்துச் சக்கர நாற்காலியோடு ஏற்றலாமே என்று பெரிய டீச்சர் யோசனை சொன்னார். மையத்தை நடத்துபவர் அவர்தான். வேனின் உயரத்துக்குப் பலகை ஏணி மாதிரி நின்றது. பாதி ஏறியதும் நாற்காலி பின்னால் சாய, அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து மேனேஜர் வீட்டோடு கிடந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அவளைப் பார்க்கப் போனார். பார்த்ததும் திக்கென்றது. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மாமாவைக் கண்டதும் சிரித்தாள், சிரிப்பு மட்டும்தான் பழைய சிரிப்பு. அம்மா அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசினார். உள்ளே பேசுவது அவள் காதில் விழக் கூடாதென்று.

"அண்ணே, இவ சாப்பிடறதே இல்ல. வேளைக்கு நாலு வாய், அதுக்கு மேல வாயை இறுக்கி மூடிக்கறா. அடிச்சும் பாத்துட்டேன், அழுதும் பாத்துட்டேன். நேத்துதான் காரணத்தைச் சொன்னா."

"என்ன சொன்னா?"

"முப்பது கிலோவுக்கு வந்துட்டா மாமா தூக்கிடுவாருங்கறா."

மாமா கை நீட்டிக் குழாயை மூடினார். தான் விழுந்ததைப் பற்றி, படுத்ததைப் பற்றி, முதுகைப் பற்றி எத்தனையோ யோசித்திருந்தார். அந்தப் பிள்ளை அதையெல்லாம் தன் உடம்பின் குற்றமாக எடுத்துக்கொள்வாள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவமானமாக இருந்தது. வெளியே வந்து அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். உன் வெயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, லாரியில் மூட்டை தூக்கிய காலத்திலேயே கெட்டுப்போன முதுகு இது, வேறு யாரைத் தூக்கியிருந்தாலும் அன்றைக்குப் போயிருக்கும் என்று அடித்துச் சொன்னார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு சொல்லை இழுத்து வெளியே போட்டாள்.

"பொய்."

நாற்பத்தைந்து கிலோ முப்பத்தெட்டுக்கு வந்திருந்தது. இந்த உடம்போடு ஒரு சளிக் காய்ச்சல் வந்தால்கூடத் தாங்காது என்று மையத்துக்கு வரும் டாக்டர் பெரிய டீச்சரிடம் சொன்னார். ஆக, செய்ய வேண்டியது இரண்டு. வேனுக்கு நாற்காலியோடு தூக்கி ஏற்றும் லிஃப்ட் வர வேண்டும். அவள் கரைந்து போவதற்குள் வர வேண்டும்.

மையத்தின் வேன் லிஃப்ட்டைத் தாங்காது என்று சொல்லி, லிஃப்ட் பொருத்திய புது வேனுக்கு ஒரு கம்பெனி பதினாலு லட்சம் விலை போட்டுக் கொடுத்தது. மையத்தில் சம்பளம் போடவே இழுபறி. மாமாவின் மனைவி மருந்துக்கடையில் பில் போடுபவர், மகள் கூரியர் ஆபீசில் வேலை பார்ப்பவள், சேமிப்பைத் துடைத்து எடுத்தாலும் ஒரு சக்கரம்தான் வாங்கலாம். மகள்தான் சொன்னாள், இணையத்தில் நிதி திரட்டித் தரும் தளம் ஒன்று இருக்கிறது, நாம் ஏன் கேட்கக் கூடாது என்று. முன்பின் தெரியாதவனிடம் கை நீட்டுவதா என்று மாமா ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டார். காலையில் எழுந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

கையெழுத்து ஒரு இடத்திலா. மையத்தின் பதிவுப் பத்திரம், மூன்று வருஷக் கணக்கு, கம்பெனி கொடுத்த விலைச்சீட்டு, மாமாவின் லைசன்ஸ், டாக்டர் சீட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள். எல்லாம் முடிந்ததும் தளத்திலிருந்து ஓர் அதிகாரி பேசினார். இளம் பெண், மரியாதையான குரல், ஆனால் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வேகம். படத்தில் பிள்ளையின் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும், அழுகிற முகமாக இருந்தால் நல்லது, முதல் வரியிலேயே அவள் சாப்பிடாமல் கிடப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றார். அந்தப் பெண்ணைத் தப்பு சொல்ல முடியாது. அவர் தொழிலில் எது காசாகும் என்று அவருக்குத் தெரியும்.

மாமா ஒற்றைக் காலில் நின்றார். அந்தப் பிள்ளை போனில் எல்லாவற்றையும் படிக்கிறவள், தன்னால்தான் ஊரே பிச்சை எடுக்கிறது என்று நினைத்தால் அந்த நாலு வாயும் நின்றுபோகும், அவள் பெயரும் முகமும் வெயிட்டும் எங்கேயும் வரக் கூடாது என்றார். அப்படியானால் எதை வைத்து ஜனங்கள் இரக்கப்படுவார்கள் என்று அதிகாரி கேட்டார்.

"என் முதுகைப் போடுங்க மேடம்" என்றார் மாமா.

அப்படியே போட்டார்கள். நான் வேன் ஓட்டுகிறேன், எனக்கு முதுகு போய்விட்டது, வேனில் லிஃப்ட் இருந்தால் பிள்ளைகளை ஏற்றலாம், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். அவ்வளவுதான் வேண்டுகோள். படத்துக்காக மாமா வேனை சோப்புப் போட்டுக் கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி, பக்கவாட்டில் நிறுத்தினார். மகள் எடுத்துக் கொடுத்தாள். முதல் நாளே இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் வேனை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள்.

முதல் வாரத்தில் மையத்துப் பிள்ளைகளின் சொந்தபந்தங்கள் கொடுத்தார்கள். மகளின் ஆபீசில் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் கிணற்றில் போட்ட கல். மொத்தம் நாற்பத்து மூன்று பேர், தொகை ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை. யாரோ ஒரு டிரைவரின் முதுகுக்குப் பதினாலு லட்சமா என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்டதில் நியாயம் இருந்ததால் மாமாவுக்குக் கோபம்கூட வரவில்லை. மேனேஜரின் அம்மாவிடம் விசாரித்தார். முப்பத்தேழு கிலோ என்றார் அம்மா.

இந்த இடத்தில்தான் மாமா அந்தக் காரியத்தைச் செய்தார். இருபத்திரண்டு வருஷம் இந்த வேனை ஓட்டிய ஒருவருக்குத்தான் அப்படிச் செய்யத் தோன்றும். பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லுங்கள் என்று அவர்களுடைய பெயர், நம்பர், முகவரி அடங்கிய பட்டியல் ஒன்றைத் தளத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். நன்றிக் கடிதத்தைக்கூட அவர்களே எழுதி வைத்திருந்தார்கள், ஒரு பட்டனைத் தட்டினால் எல்லோருக்கும் போய்விடும். மாமாவுக்கு அது நெஞ்சில் ஒட்டவில்லை. முன்பின் தெரியாத மனுஷன் கொடுத்திருக்கிறான், நாமும் நம் கையால் ஏதாவது செய்ய வேண்டாமா என்று நினைத்தார். ஒரு மதியம் மையத்தின் வாசலில் வேனில் உட்கார்ந்து, பட்டியலில் இருந்த நாற்பத்து மூன்று பேருக்கும் இரண்டிரண்டு ரிங் விட்டுக் கட் செய்தார். உங்கள் பணம் வந்து சேர்ந்தது, வாசலில் நிற்கிறேன் என்று அர்த்தம். மனசு நிறைந்துபோய், வாசலில் போவோர் வருவோரையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷத்தில் போன் அலறத் தொடங்கியது. யார் நீ, என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று ஒருவர். பாங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுகிற கூட்டமா என்று இன்னொருவர். மீட்டிங்கில் இருந்த ஒருவர், கல்யாணப் பேச்சில் இருந்த ஒருவர், அப்போதுதான் குழந்தையைத் தூங்க வைத்திருந்த ஓர் அம்மா. மாமா ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, இரண்டு ரிங்கின் கதையை முதலிலிருந்து சொன்னார். திட்ட வந்தவர்களில் பாதிப் பேர் கடைசியில் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்தார்கள். மீதிப் பாதி விசாரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் தளத்துக்குப் புகார் எழுதிவிட்டார். வேகக்கார அதிகாரி கூப்பிட்டு, கொடுத்தவர்களின் நம்பருக்கு இப்படி அடிப்பது விதிப்படி குற்றம், இன்னொரு புகார் வந்தால் பக்கத்தையே எடுத்துவிடுவோம் என்று எச்சரித்தார். மகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஏன்பா இப்படிப் பண்றீங்க என்று மட்டும் கேட்டாள். மாமா அன்று சாப்பிடாமல் படுத்தார். அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே வழியையும் தானே அடைத்துவிட்டோமோ என்று விடிய விடிய நினைத்துக் கிடந்தார்.

மறுநாள் காலை ஒரு போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே அர்ச்சனை.

"யாருய்யா நீ? நேத்து லிஃப்ட் குழிக்குள்ள நின்னு வேலை பாத்துட்டிருக்கேன், நீ போன் அடிச்சு கையில இருந்த ஸ்பேனர் விழுந்துடுச்சு. அதைத் தேடி எடுக்கவே ஒரு மணி நேரம்."

குடோன்களில் சரக்கு லிஃப்ட் பொருத்துகிற மனுஷன். டீ குடிக்கும் நேரத்தில் மகளின் கூரியர் ஆபீஸ் ஆள் ஒருவர் போனைக் காட்ட, ஏதோ ஒரு சிறு தொகை தட்டிவிட்டு மறந்தே போனவர். மாமா ஸ்பேனருக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். லிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. வேனின் தரை எத்தனை உயரம், கதவு எத்தனை அகலம், நாற்காலியோடு சேர்த்து எத்தனை எடை என்று கேட்டார். மாமா அளந்து வைத்திருந்தார், ஒப்பித்தார். கம்பெனி எவ்வளவு கேட்கிறது என்றார். பதினாலு லட்சம் என்றார் மாமா.

"தங்கத்துலயா பண்ணித் தர்றாங்க? நல்ல பழைய வேன் ஒண்ணு பாரு. ரெண்டு சிலிண்டர், ஒரு மோட்டார், ஒரு தட்டு. நான் பண்றேன். கூலியே வேணாம்னு பெரிய மனுஷன் மாதிரி சொல்ல மாட்டேன், பாதி வாங்கிக்கறேன். எல்லாம் சேத்து எட்டரைக்குள்ள முடிச்சிடலாம்."

மாமாவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை, இந்த முறை சந்தோஷத்தில். அப்புறம்தான் வீட்டில் சண்டை. இலக்கைப் பதினாலிலேயே விட்டுவைப்போம், மிஞ்சினால் மையத்துக்கு உதவும் என்றாள் மகள். பெரிய டீச்சருக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான், ஒழுகுகிற கூரைக்குக் கீழே மையம் நடத்துகிற மனுஷிக்கு இருக்காதா. மாமா மட்டும் மசியவில்லை. வேன் வாங்கத்தானே கேட்டோம், வேன் விலை குறைந்த பிறகும் பழைய விலையைக் கேட்டால் அதற்குப் பெயர் வேறு என்றார். அதிகாரியைக் கூப்பிட்டு இலக்கைக் குறைக்கச் சொன்னார்.

"சார், தொகையைக் கூட்டறதுக்குத்தான் எங்ககிட்ட பட்டன் இருக்கு" என்றார் அதிகாரி. "குறைங்கன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." முதல் முறையாக அந்தக் குரலில் வேகம் குறைந்திருந்தது. தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதி, மூன்று நாளில் குறைத்துக் கொடுத்தார்.

பக்கத்தில் மாமா புதிதாக ஒரு குறிப்புப் போடச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மகள் தட்டினாள். போன வாரம் உங்களுக்கு இரண்டு ரிங் விட்டது நான்தான், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று ஹாரன் அடிக்காமல் பழகிய கை, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், இனிச் செய்ய மாட்டேன். அதில் எரிச்சலாகித் திருப்பிக் கூப்பிட்ட ஒரு நல்லவர் குறைந்த செலவில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆகையால் பதினாலு லட்சம் வேண்டாம், எட்டரை போதும். வேனுக்கு இவ்வளவு, சிலிண்டருக்கு இவ்வளவு, அரசு சோதனைச் சான்றிதழுக்கு இவ்வளவு. எட்டரை சேர்ந்ததும் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

நிறுத்திவிடுங்கள் என்று ஒருவர் கேட்டதுதான் ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. அந்தக் குறிப்பை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப, அவர் பத்துப் பேருக்கு அனுப்ப, லாரி ஓட்டுநர்களின் குழு ஒன்றில் அது போய் விழுந்தது. பெரிய தொகை என்று எதுவும் வரவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு, ஒரு நாள் டீசல் காசு என்று அருவி மாதிரி கொட்டியது. கூடவே ஒரு வேடிக்கை நடந்தது. பணம் போட்டவர்கள் மாமாவின் போனுக்கு இரண்டு ரிங் விட்டுக் கட் செய்தார்கள். யார் தொடங்கி வைத்தது என்று தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அவர் சட்டைப்பையில் இரண்டு இரண்டாக அடித்து அடித்து ஓய்ந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாதே. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வேனை ஓரம்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சற்று நேரம் அழுதார். ஆயா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒன்பதாம் நாள் எட்டரை நிறைந்தது. மகள் பக்கத்தை மூடிவிட்டாள்.

மேனேஜர் இதையெல்லாம் அம்மாவின் போனில் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். லிஃப்ட் வருகிறது, இனி யாரும் உன்னைத் தூக்க வேண்டியதில்லை, சாப்பிடு என்று அம்மா கெஞ்சினார். மாமா கெஞ்சினார். தலையை ஆட்டுவாள். ஆனால் தட்டு வந்தால் அதே நாலு வாய், அதே இறுக மூடிய உதடு. இன்னும் என்னதான் வேண்டும் இவளுக்கு என்று யாருக்கும் புரியவில்லை. வேன் பார்த்து வாங்க, தட்டு செய்ய, சோதனைக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்க என்று ஏழு வாரம் இழுத்தது. பாதியில் லிஃப்ட்காரரின் பட்டறைக்கே போய் மாமா நச்சரித்தார். அவரும் சளைக்காமல் திட்டினார். அந்த ஏழு வாரத்தில் அவள் முப்பத்தைந்துக்கு வந்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை வேன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. முதல் நாள் என்பதால் லிஃப்ட்காரரும் கூடவே வந்திருந்தார். வாசலின் மூன்று படிக்கும் சேர்த்து இரும்பில் ஒரு சரிவு அடித்துக் கொண்டுவந்திருந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை, அதைப் பற்றிப் பேசவும் விடவில்லை. அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினார். வேனின் பின்கதவு திறந்து, இரும்புத் தட்டு தரையோடு தரையாக விரிந்து கிடந்தது. தட்டுக்கு ஒரு சாண் முன்னால் மேனேஜர் வலது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

தட்டைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நின்ற சிலிண்டரைப் பார்த்தாள். பிறகு லிஃப்ட்காரரை நிமிர்ந்து பார்த்து ஒவ்வொரு சொல்லாக இழுத்தாள்.

"இது... எவ்வளவு... தூக்கும்?"

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. மாமாவுக்கு அந்தக் கணமே எல்லாம் பிடிபட்டுவிட்டது. லிஃப்ட் வருகிறதென்ற பிறகும் அவள் எதற்காகப் பட்டினி கிடந்தாள் என்று தெரிந்தது. மாமாவை உடைத்த மாதிரி இதையும் உடைத்துவிடுவோமோ என்று பயந்திருக்கிறாள். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கிறாள் என்று மாமா எடுத்துச் சொன்னார்.

"முந்நூறு" என்றார் லிஃப்ட்காரர், தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற சாதாரணக் குரலில். "உன்னை மாதிரி எட்டு பேரு ஒண்ணா ஏறுங்க, அசையாது."

அவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பொய்யா என்று தேடுகிறாள் என்று தெரிந்தது. மாமா டாஷ்போர்டிலிருந்து சோதனைச் சான்றிதழை எடுத்துவந்து அவள் மடியில் விரித்தார். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எண்ணைப் படித்தாள், முத்திரையைப் படித்தாள், மறுபடியும் எண்ணுக்கு வந்தாள். பிறகு சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

நாற்காலி தட்டில் ஏறியது. லிஃப்ட்காரர் பட்டனை அழுத்த, மோட்டார் மெல்ல முனக, அவள் உயர்ந்தாள். பிறந்ததிலிருந்து யாருடைய கையும் படாமல் அவள் தரையைவிட்டு எழும்பியது அதுதான் முதல் தடவை. வேனின் தரைக்கு நேராக வந்து தட்டு நின்றது. அம்மாவின் தலைக்கு மேலே அவள் தலை இருந்தது. அங்கிருந்து தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். பிறகு கீழே குனிந்தாள்.

"அம்மா. சாப்பிட... என்ன இருக்கு?"

அம்மா செருப்பைக் கழற்றக்கூட நிற்காமல் உள்ளே ஓடினார். காலையில் அவள் ஒதுக்கிவிட்ட சாப்பாட்டுத் தட்டு அப்படியே மூடி வைத்திருந்தது, அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, வேனின் ஓரத்தில் நின்று கையை உயர்த்தி ஊட்டத் தொடங்கினார். மற்ற வீடுகளில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். மாமா இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். நாலாவது வாய் ஊட்டியதும் பழக்கத்தில் அம்மாவின் கை தானாகத் தட்டில் போய் நின்றது. மேனேஜர் வாயை மூடவில்லை.